தலைவலிக்குக் காரணம் பிபி நோய் அல்ல: தண்டுவடம் அடிபட்ட ஒருவரின் வீட்டுப் பராமரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

தண்டுவடக் காயம் பட்டவர்களை வீட்டுக்குச் சென்று கவனிக்கும் செவிலியர் நான். எங்கள் சிறு குழுவில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. இதில் வருபவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 31. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். மூன்றாவது மாடி வெளிச்சுவரில் வேலை செய்யும்போது சாரம் சரிந்து விழுந்தார். மார்புப் பகுதியின் ஐந்தாம் முள்ளெலும்பு நொறுங்கி, தண்டுவடம் முழுமையாகச் சேதமடைந்தது. கம்பியும் திருகும் வைத்து ஆப்பரேஷன் செய்தார்கள். மார்புக் காம்புக்குச் சற்றுக் கீழிருந்து உணர்வும் அசைவும் இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. விபத்து நடந்து ஐந்து வாரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

வீடு தென்மாவட்டக் கிராமம் ஒன்றில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை. மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், மூட்டுவலியும் சர்க்கரையும் உள்ள அம்மா. மனைவி போய்க்கொண்டிருந்த தையல் வேலையை விட்டுவிட்டார். அவருடைய டிஸ்சார்ஜ் தாளில் பராமரிப்பு பற்றி இரண்டே வரிகள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும், சிறுநீர்க் குழாயை மாதம் ஒருமுறை மாற்றவும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்த பெண் தன்னார்வலர்தான் உள்ளறையில் படுத்திருந்தவரைப் பார்த்து எங்களுக்குச் சொன்னார். அப்போது விபத்து நடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

முதல் வருகையில் கண்டது

கயிற்றுக் கட்டிலில் மெத்தை, அதன் மேல் ரப்பர் ஷீட். இடுப்புக்குக் கீழே வாகன டியூபைக் காற்றடித்து வளையமாக வைத்திருந்தார்கள். புண்ணில் அழுத்தம் படாமல் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பல வீடுகளில் இதைப் பார்க்கிறேன். வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள சதையை அழுத்தி, நடுவில் இருக்கும் இடத்துக்கு ரத்தம் போவதைக் குறைத்துவிடும். புண் ஆறுவதற்குப் பதிலாகப் பெரிதாகும்.

முதுகெலும்பின் அடியில், திரிகத்தின் மேல் படுக்கைப் புண். நீளம் 6 சென்டிமீட்டர், அகலம் 5, ஆழம் ஏறக்குறைய 2. தோலைத் தாண்டிக் கொழுப்பு வரை இறங்கிய மூன்றாம் நிலைப் புண். அடியில் மஞ்சளாக அழுகிய சதை ஒட்டியிருந்தது. வாடை அறைக்கு வெளியிலேயே வந்தது. மனைவி தினமும் சிவப்பு மருந்து ஊற்றி, மேலே பவுடர் தூவிக் கட்டிக்கொண்டிருந்தார்.

சிறுநீர்க் குழாய் வைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழாயின் உள்பக்கம் வெள்ளையாக மாவு படிந்தது போல் கசடு. யூரின் பேக் படுக்கையிலேயே, அவர் தொடைக்குப் பக்கத்தில் கிடந்தது. குழாயைச் சுற்றிச் சிறுநீர் கசிந்து விரிப்பு ஈரமாக இருந்தது. மலம் கழித்து ஆறு நாள்.

"எத்தனை தண்ணி குடிக்கிறீங்க தம்பி?" என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். "குடிச்சா ஒழுகுது சிஸ்டர். ராத்திரி மூணு தடவ துணி மாத்த வேண்டியிருக்கு. அதான் கம்மியா கொடுக்கிறேன்" என்றார் அந்தப் பெண். கணக்குப் பார்த்தால் காபியையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூட வரவில்லை.

தலையணைக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை. அடிக்கடி மண்டை பிளப்பது போலத் தலைவலி வருகிறது என்று பக்கத்து ஊரில் காட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பிபி அதிகமாக இருந்ததால் தினமும் ஒரு பிபி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிடத் தொடங்கிய பிறகு, தூக்கி உட்கார வைத்தாலே கண் இருட்டி மயக்கம் வந்தது. பயந்துபோய் உட்கார வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். நாள் முழுக்க மல்லாந்த படுக்கை.

தலைவலியின் காரணம்

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைவலி வந்தது. முகமும் கழுத்தும் சிவந்தன. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கையில் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. மார்புக்குக் கீழே தோல் வெளிறி, வியர்க்காமல் குளிர்ந்திருந்தது. பிபி 164/100. நாடித்துடிப்பு 54. வந்ததும் பார்த்தபோது அவருடைய பிபி 96/60.

தண்டுவடக் காயம் ஆறாம் மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ உள்ள எவருக்கும் இந்தத் திடீர் பிபி ஏற்றம் வரலாம். உணர்வில்லாத பகுதியில் ஏதாவது ஒன்று உறுத்தும்: நிரம்பிய மூத்திரப்பை, இறுகிய மலம், புண், இறுக்கிக் கட்டிய துணி. வலியாக அது மூளைக்குத் தெரியாது. ஆனால் தண்டுவடம் கீழ்ப்பகுதி ரத்தக் குழாய்களைச் சுருங்க வைத்துவிடும். அதைத் தளர்த்தும்படி மூளை அனுப்பும் உத்தரவு காயத்தைத் தாண்டி இறங்காது. பிபி ஏறிக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு, உயிரிழப்பு வரைக்கும் போகலாம்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இவர்களுடைய இயல்பான பிபியே 90, 100 என்றுதான் இருக்கும். அதிலிருந்து மேல் அளவு 20 முதல் 40 வரை ஏறினாலே ஆபத்துக் குறி. மற்றவர்களுக்கு 130, 140 சாதாரணமாகத் தெரியலாம். இவர்களுக்கு அது சாதாரணமில்லை. அதனால் வழக்கமான அளவை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்திருப்பது அவசியம்.

முதலில் நேராக உட்கார வைத்தோம். சாய்வதற்கு எதுவும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்து, அதன் முதுகுச் சரிவில் தலையணை போட்டுச் சாய்த்தோம். கால்களைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டோம். வேட்டி முடிச்சைத் தளர்த்தினோம். குழாய் எங்கும் மடியவில்லை. ஆனால் கடைசி மூன்று மணி நேரமாக யூரின் பேக்கில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. கசடு அடைத்திருந்தது. மரப்பு ஜெல்லி தடவிப் புதுக் குழாய் வைத்தபோது 700 மில்லிக்கு மேல் சிறுநீர் வந்தது. பத்து நிமிடத்தில் பிபி 110/70. "தல லேசாயிடுச்சு சிஸ்டர்" என்றார். வந்ததிலிருந்து அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

தனித்தனியாகத் தெரிந்த பிரச்சினைகள் ஒரே சங்கிலி என்பது அன்றே புரிந்தது. ஒழுகுகிறது என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். தண்ணீர் குறைவதால் கசடு சேர்ந்து குழாய் அடைக்கிறது. அடைத்த குழாயைச் சுற்றி இன்னும் ஒழுகுகிறது. ஈரத்தில் ஊறிய தோல் பிய்கிறது. மலமும் இறுகுகிறது. மூத்திரப்பை நிரம்பி, குடல் நிரம்பி, தலைவலி வருகிறது. தலைவலிக்குக் கொடுத்த மாத்திரையால் உட்கார முடியவில்லை. படுத்தே இருப்பதால் புண் ஆழமாகிறது.

பிபி மாத்திரையை நிறுத்தும் முடிவு என்னுடையது அல்ல. இரண்டு நாள் பிபி அளவுகளை நேரத்தோடு குறித்து, எங்களுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவரிடம் காட்டினோம். அவர் பார்த்து நிறுத்தினார். தலைவலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு அட்டை எழுதிச் சுவரில் ஒட்டினோம்: உட்கார வை, காலைத் தொங்கவிடு, துணியைத் தளர்த்து, குழாயைப் பார், மலம் தங்கியிருக்கிறதா பார், தோலைப் பார், இறங்காவிட்டால் 108. மகளும் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். அது நல்லதுதான்.

தண்ணீர் இரண்டு முதல் இரண்டரை லிட்டர். பேக் எப்போதும் மூத்திரப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். குழாயை அடிவயிற்றில் பிளாஸ்டரால் ஒட்டிவிட வேண்டும். ஆண்களுக்குத் தொடை நடுவில் மடங்கித் தொங்கினால் நாளடைவில் சிறுநீர்த் தாரையில் புண் விழும்.

மலத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில் என்று நேரம் வைத்தோம். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான் இதன் சூட்சுமம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆசனவாய் மாத்திரை, கால் மணி நேரம் பொறுத்துக் கையுறை போட்ட விரலில் மரப்பு ஜெல்லி தடவி மெதுவாகச் சுற்றித் தூண்டுவது. ஜெல்லி இல்லாமல் தூண்டினால் அதுவே தலைவலியைக் கிளப்பிவிடும்.

புண்ணின் அழுகிய சதையை அறுவை மருத்துவர் வெட்டி எடுத்தார். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு போட்டு, அதில் கழுவிக் கட்டச் சொல்லிக்கொடுத்தோம். வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினோம். ஒரு வாரத்தில் வாடை அடங்கியது. ஹீமோகுளோபின் 8.9 இருந்தது. இரும்புச் சத்து மாத்திரையோடு தினம் இரண்டு முட்டை, சுண்டல், பருப்பு. புண்ணிலிருந்து புரதம் வடிந்துகொண்டே இருக்கும்போது கஞ்சி மட்டும் கொடுத்தால் சதை வளராது. உடம்பு சரியில்லாதவருக்கு முட்டை சூடு என்று அம்மா தயங்கினார். டாக்டர் சொன்னார் என்றதும் சரி என்றுவிட்டார்.

இரவும் புரட்டிப் போடுவதும்

அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டும் முறை புதிதல்ல. 1944 முதல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் இதை இரவு பகலாக நடத்திக் காட்டினார். அதற்கு முன்பு தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களில் இறந்துபோனார்கள். ஆனால் அவருடைய வார்டில் ஷிஃப்ட் முறையில் ஆட்கள் இருந்தார்கள். இந்த வீட்டில் ஒரே ஒரு பெண். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழ வேண்டும். எட்டே காலுக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் பத்து நாள் போல இரவெல்லாம் அலாரம் வைத்துப் புரட்டியிருக்கிறார். அப்புறம் முடியவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. யாராலும் தொடர்ந்து செய்ய முடியாத ஒன்றைத்தான் அந்த ஒற்றை வரி அவரிடம் கேட்டிருந்தது.

குப்புறப் படுக்கப் பழக்கலாம் என்று முடிவெடுத்தோம். முதுகுப் புண்ணில் துளியும் அழுத்தம் இருக்காது. பழகிவிட்டால் ஒரே நிலையில் பல மணி நேரம் படுக்கலாம். இடுப்பும் முட்டியும் மடங்கி இறுகுவதும் குறையும். ஆப்பரேஷன் செய்த மருத்துவரிடம் எலும்பு கூடிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். நெஞ்சுச் சளி இல்லை என்பதையும் பார்த்தோம்.

மார்புக்குக் கீழே ஒரு தலையணை, தொடைக்குக் கீழே ஒன்று, கணுக்காலுக்குச் சற்று மேலே காலின் அடியில் ஒன்று. நடுவில் விட்ட இடைவெளிகளில் இடுப்பெலும்பும் முட்டியும் கால்விரல்களும் எதிலும் முட்டாமல் நிற்க வேண்டும். ஆணுறுப்பும் குழாயும் நசுங்காமல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். கயிற்றுக் கட்டில் குழிந்துகொண்டதால் பலகைக் கட்டிலும் நுரை மெத்தையும் ஏற்பாடு செய்தோம். முதல் நாள் இருபது நிமிடம். எழுந்ததும் தோல் எங்காவது சிவந்திருக்கிறதா, அரை மணி நேரத்தில் அது மறைகிறதா என்று பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டினோம். ஆறாவது வாரத்தில் நான்கு மணி நேரம் குப்புறத் தூங்கினார். மனைவியும் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். என்னைக் கேட்டால், அந்தப் புண் ஆறியதற்கு எந்த மருந்தையும்விட அந்தத் தூக்கம்தான் பெரிய காரணம்.

அவருடைய கைகளுக்கு வேலை

நாங்கள் போகும் வரை சாப்பாட்டை மனைவி ஊட்டிக்கொண்டிருந்தார். படுத்தபடி சாப்பிட்டால் சிந்தும் என்பதால் தொடங்கியது அது, பழக்கமாகிவிட்டது. கைகள் நன்றாக இருக்கும் ஒருவர் சாப்பிடலாம், குளிக்கலாம், உடுத்தலாம், கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறலாம், தன் சிறுநீரைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த வீட்டில் யாருமே நினைத்திருக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை.

உட்காருவதிலிருந்து தொடங்கினார் பிசியோதெரபிஸ்ட். கால்களுக்கு க்ரேப் பேண்டேஜ், வயிற்றைச் சுற்றி அகலமான துணிக்கட்டு, முதுகுச் சாய்வைத் தினம் கொஞ்சம் உயர்த்துவது. பிபி மாத்திரையும் நின்றிருந்ததால் மூன்று வாரத்தில் மயக்கமில்லாமல் உட்கார்ந்தார். புண் இருந்ததால் உட்காரும் நேரம் குறைவாகவே வைத்தோம். கண்ணாடியைப் பிடித்துத் தன் முதுகையும் பிட்டத்தையும் காலையும் மாலையும் பார்ப்பது அவர் வேலை என்று ஒப்படைத்தோம். முதல் முறை புண்ணைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நாங்கள் போகத் தொடங்கிய மூன்றாம் மாதம், எப்போதும் உள்ளேயே இருக்கும் நிலைக்குழாயை எடுத்துவிட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்கும் முறைக்கு மாற்ற முடிவு செய்தோம். அதற்கு முன்பு சிறுநீரக ஸ்கேனும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்து, இருந்த தொற்றுக்கு மருந்து முடிக்கப்பட்டது. வீட்டில் செய்தால் கிருமி உள்ளே போகாதா என்பது மனைவியின் பயம். நியாயமான பயம்தான். ஆனால் 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் காட்டியது இதைத்தான்: ஆப்பரேஷன் தியேட்டர் அளவு சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும், மூத்திரப்பை அளவுக்கு மீறி நிரம்பாமல் நேரத்துக்குக் காலியாவதுதான் முக்கியம்.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு வந்தது என்று மகளின் பழைய நோட்டில் எழுதினார். 350, 420, ஒரு நாள் காலை 620. ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டக் கூடாது. முந்தைய இரவு ஒன்பது மணிக்குக் குடித்த மோரைக் கண்டுபிடித்தது அந்த நோட்டுதான். இரவு ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்து, பகலில் பரவலாகக் குடித்து மொத்தம் இரண்டு லிட்டருக்குக் கொண்டுவந்தார். இடையில் ஒழுகியதற்கு மருத்துவர் ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார். அது மலத்தை இறுக்கும் என்பதால் கீரையும் பழமும் கூடின. பயன்படுத்திய குழாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறிக் காயவைத்து, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்தார். ஒருமுறை பயன்படுத்தி எறியும் குழாயைத் தினம் ஆறு வாங்க அந்த வீட்டு வருமானம் இடம் தராது.

மனதளவில் அவரை நகர்த்தியது நாங்கள் அல்ல. பக்கத்துத் தாலுகாவில், தென்னை மரத்திலிருந்து விழுந்து வீல்சேரில் வாழ்பவர் ஒருவரை வரச் சொன்னோம். மூன்று சக்கர ஸ்கூட்டரில் தனியாக வந்து இறங்கினார். எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பேசினார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் என்பதை நான் முன்பே சொல்லியிருந்தேன், காதில் ஏறவில்லை. நேரில் ஒருவர் வந்து வீல்சேரிலிருந்து கட்டிலுக்குத் தாவிக் காட்டியது ஏறியது. அடுத்த வாரம் முதல் அவரே பயிற்சிக்கு நேரம் கேட்டார்.

தொடர்ந்து நடந்தவை

புண் ஆறாம் மாத முடிவில் மூடியது. அந்த இடத்துத் தோல் மெல்லியதாகத்தான் இருக்கிறது. பழைய தோலின் பலம் அதற்கு ஒருபோதும் வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை வெட்டி, விளிம்பில் நுரை சுற்றி, மேலே ரெக்சின் தைத்துக் கழிப்பறை நாற்காலி செய்தார்கள். தைத்தது மனைவி. மலம் இப்போது அதில் உட்கார்ந்தபடி, நாற்பது நிமிடத்துக்குள்.

தலைவலி ஒரே ஒருமுறை திரும்ப வந்தது. மூத்திரப்பை காலி, மலமும் இல்லை. அட்டையில் உள்ளபடி தோலைப் பார்த்துக்கொண்டே போனபோது, இடது கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் வைத்திருந்ததை மனைவி கண்டுபிடித்தார். உட்கார வைத்ததில் பிபி கொஞ்சம் இறங்கியது. நகத்தைச் சரி செய்த பிறகு முழுதாக அடங்கியது.

கோடையில் ஒரு நாள் காய்ச்சல் 101 என்று கூப்பிட்டார்கள். தொற்று இல்லை. மார்புக்குக் கீழே வியர்க்காத உடம்பு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் சூடேறியிருந்தது. ஈரத்துணியும் காற்றாடியும் போதுமாக இருந்தன. கூரை மேல் தென்னங்கீற்று போட்டார்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்து, மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கவில்லை.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். பாக்கெட் போடுவதும் கணக்கும் கணவர் பொறுப்பு. பண்டிகை நேரத்தில் தொடர்ந்து நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை கண்ணாடியில் உட்காரும் எலும்பின் மேல் சிவப்பு தெரிந்தது. அவரே இரண்டு நாள் குப்புறப் படுத்துச் சரி செய்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். கால் மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்து, ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்து அழுத்தத்தை விடுவிப்பது இப்போது தவறுவதில்லை.

கணுக்கால் இறுக்கம் போகவில்லை. இரவில் கால் வெட்டி இழுப்பது இருக்கிறது. ஒருமுறை சிறுநீர்த் தொற்று வந்து மருந்து எடுத்தார். இன்னொரு குழந்தை பற்றி இருவரும் கேட்டிருக்கிறார்கள்; அதற்கான மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம்.

இனி மாற்ற வேண்டியவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் குழு முதல் வருகையின் வரிசையை மாற்றிக்கொண்டது. புண்ணை அவிழ்ப்பதற்கு முன்பு தண்ணீர் எவ்வளவு, கடைசியாக மலம் போனது எப்போது, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்ற மூன்றையும் கேட்கிறோம். மூன்றாவது கேள்வி பராமரிப்பவருக்கு. வீட்டாரின் ஒரு நாளை எழுதி வாங்கிய பிறகே புரட்டும் நேரத்தை எழுதுகிறோம்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது செய்யக்கூடியவை உண்டு. ஆறாம் மார்பு முள்ளெலும்பும் அதற்கு மேலும் அடிபட்ட ஒவ்வொருவருக்கும் வழக்கமான பிபி அளவும் தலைவலி வந்தால் செய்ய வேண்டியதும் அச்சிட்ட தமிழ் அட்டையாகக் கையில் கொடுக்க வேண்டும். அந்த அட்டையை எந்த கிளினிக்கில் நீட்டினாலும் தினசரி பிபி மாத்திரை எழுதும் முன் ஒருவர் குழாயைப் பார்ப்பார். வார்டில் இருக்கும் கடைசி வாரத்தில் வீட்டிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து, செவிலியர் பார்க்க அவர்களே புரட்டவும் குழாய் மாற்றிப் பேக் கட்டவும் செய்ய வேண்டும். கைகள் நன்றாக உள்ளவர்களுக்கு, நிலைக்குழாயோடு அனுப்பினாலும், எப்போது அதை எடுத்து நேரத்துக்கு எடுக்கும் முறைக்கு மாறுவது என்ற தேதியையும் யாரிடம் போவது என்பதையும் அந்தத் தாளில் எழுத வேண்டும். சிறுநீரக ஸ்கேன் ஆண்டுக்கு ஒருமுறை. இவருக்கு அடுத்தது வரும் தை மாதம். நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார்.